அழுகையை எண்ணிய தாளாளர்

மேடையில் வீற்றிருக்கும் மறைமாவட்டக் கல்விக் குழுவின் தலைவர் தந்தை அவர்களே, பொருளாளர் தந்தை அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, அருட்சகோதரிகளே, ஆசிரியப் பெருமக்களே, முன்னாள் மாணவியரே, என் தோழிகளே, உட்கார இடமில்லாமல் பின்னால் கைக்குழந்தைகளோடு நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் துயரத்தோடு என் வணக்கம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவியாகிய என்னை, மாணவியர் சார்பில் சில நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். எழுதித் தயார் செய்த உரை கையில் இருக்கிறது. தமிழ் ஆசிரியை திருத்திக் கொடுத்தது. அதில் 'கலங்கரை விளக்கம்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கலங்கரை விளக்கத்தை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இனி நம் பள்ளி மண்டபத்தில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆகவே அந்த உரையை மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மன்னிக்க வேண்டும்.

நம் மறைந்த தாளாளர், இடுப்பில் தொங்கிய சாவிகளின் சத்தத்தை வைத்து நாம் எல்லோரும் 'சாவிக்கொத்து சிஸ்டர்' என்று அழைத்த அருட்சகோதரி அவர்கள், என் அம்மாவின் அக்கா. எனக்குப் பெரியம்மா. இது பள்ளிக்குள் பலருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பது அவருடைய கட்டளை. நான் முதல் வகுப்பில் சேர்ந்த அன்று, பள்ளியின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "இந்தக் கதவுக்கு வெளிய நான் உனக்குப் பெரியம்மா. உள்ள வந்துட்டா சிஸ்டர். தப்பித் தவறிக்கூட வாயில வரக் கூடாது. தாளாளர் வீட்டுப் பிள்ளைன்னு எவளாவது உனக்கு நாற்காலி போட்டா, அந்த நாற்காலியை நான் எடுத்துருவேன்."

கதவுக்கு வெளியே அவர் வந்ததே அபூர்வம். அப்படியானால் எனக்குப் பெரியம்மா எப்போது கிடைத்தார்?

எனக்கு முன்னால் பேசிய முன்னாள் மாணவி ஒருவர், இப்போது மருத்துவராக இருக்கும் அக்கா, சிஸ்டர் தன்னை "என் மகளே" என்று அழைத்ததைச் சொல்லி அழுதார். கணித ஆசிரியர், தாயில்லாத தனக்குத் தாயாக இருந்தவர் என்றார். பேருந்து ஓட்டுநர் அண்ணன், தன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே சிஸ்டர்தான் என்றார். நீங்கள் எல்லோரும் கண்ணீர் விட்டீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மையாக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேருக்கு அவர் இத்தனையாக இருந்திருக்கிறார் என்றால், நான் பொறாமைப்படாமல் வேறு என்ன செய்வேன்?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. இந்த மேடையில் இன்று இரண்டு பேர் அதை எடுத்துச் சொன்னார்கள். அந்தத் 'தானே வளர்ந்த' பிள்ளையை யாராவது கூப்பிட்டு, உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார்களா? போன ஆண்டு வராந்தாவில் என்னை நிறுத்தி, "நீ இப்ப எட்டாவதா, ஒன்பதாவதா?" என்று கேட்டார் சிஸ்டர். நான் அப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் நான்கு ஆண்டு கழித்து மழலையர் வகுப்புக்கு யார் யார் வருவார்கள் என்று விரல் நுனியில் வைத்திருந்தவர், என் வகுப்பைக் கேட்டார்!

அந்த விரல் நுனிக் கணக்கைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். இந்தப் பள்ளி இன்று திறந்திருப்பதே அந்தக் கணக்கினால்தான்.

மறைமாவட்டப் பள்ளிகளில் எதிர்காலச் சேர்க்கையைக் கணக்கிட ஒரு பழைய முறை உண்டு. பங்குக் கோவிலில் இந்த ஆண்டு எத்தனை குழந்தைகளுக்குத் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், நடந்தது என்று பார்ப்பார்கள். மூன்று நான்கு ஆண்டில் அவர்கள் மழலையர் வகுப்புக்கு வருவார்கள். பிற சமயத்து வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை அதன் மேல் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கின் அடித்தளம் கோவிலில் திருமுழுக்குத் தண்ணீர் நிற்கும் அந்தக் கல்தொட்டிதான். தொட்டி நனைந்தால் பள்ளி நிறையும். தொட்டி காய்ந்தால் வகுப்பைக் குறைப்பார்கள், வகுப்பு குறைந்தால் ஆசிரியரை மாற்றுவார்கள், ஆசிரியர் போனால் இருக்கிற பிள்ளையும் போகும்.

எங்கள் கோவில் தொட்டி காய்ந்தது. மழலையர் அறைகளின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த நேரம். சிஸ்டர் கட்டட நிதி கேட்டு விண்ணப்பித்தார். கல்விக் குழு மறுத்துவிட்டது. இன்னும் சில ஆண்டில் பேராலயப் பள்ளியோடு இணைக்கப்போகும் பள்ளிக்குக் கூரை எதற்கு என்று கேட்டார்கள். பிள்ளையே இல்லாத தொட்டிலுக்கு மெத்தை தைப்பதா என்று பொருளாளர் தந்தை கேட்டதாகச் சொல்வார்கள். தந்தை அவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் நான் பாடகர் குழுவில் சேர்ந்தேன். ஏன் சேர்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? பாட்டின் மேல் ஆசை இருந்தது. ஆனால் பாடகர் குழு நிற்கும் இடத்திலிருந்து அருட்சகோதரிகள் அமரும் வரிசை நேராகத் தெரியும். வாரத்தில் ஒருமுறையாவது அவர் என்னைப் பார்த்தே ஆக வேண்டும் அல்லவா?

முதல்முதலாகக் காணிக்கைப் பாடலைத் தனியாகப் பாடிய ஞாயிறு. முதல் அடியிலேயே நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் எல்லாச் சகோதரிகளும் என்னைப் பார்த்தார்கள். என் பெரியம்மா மட்டும் எழுந்துபோய்ப் பக்கவாட்டுத் தூணருகே நின்றுகொண்டு, பீடத்துக்கும் எனக்கும் முதுகைக் காட்டி, கோவிலின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன இருந்தது? கைக்குழந்தைகள். திருப்பலிதோறும் அழுகிற, சிணுங்குகிற, அம்மாவின் காதணியைப் பிடித்து இழுக்கிற குழந்தைகள். நான் கூடுதலாக ஓர் அடி பாடினேன். பங்குத்தந்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் திரும்பவில்லை.

திருப்பலி முடிந்து கோவில் வாசலில் அவரைப் பிடித்தேன். அது பள்ளிக் கதவுக்கு வெளியே. ஆகவே தைரியமாகக் கேட்டேன்.

"என் பாட்டு எப்படி இருந்துச்சு பெரியம்மா?"

"நல்லா இருந்துச்சுடி. முடிஞ்சதும் பின்னால எத்தனை பிள்ளைங்க அழுதுச்சுன்னு கவனிச்சியா?"

நான் பதில் சொல்லும் முன் அவர் பங்குத்தந்தையிடம் போய்விட்டார். பின்னாலேயே போன எனக்கு அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது: "ஃபாதர், பூசையில இவ்வளவு அழுகை கேக்குது. நம்ம தொட்டியோ காய்ஞ்சு கிடக்கு. அப்ப இந்தப் பிள்ளைங்க எல்லாம் எங்க போய் நனைஞ்சாங்க?"

அது யாருக்கும் தோன்றாத கேள்வி. சிஸ்டர் வீடு வீடாகப் போய் விடையைக் கண்டுபிடித்தார். குன்றின் மேல் புதிதாக எழுந்த திருத்தலம் இருக்கிறதே, அங்கே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கீழே விருந்துக்கூடம். புகைப்படம் அழகாக வருகிறது. எங்கள் தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் அங்கேதான் திருமுழுக்கு நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் அந்தத் திருத்தலத்தின் கணக்கில் ஏறினார்கள். அந்தத் திருத்தலத்துக்குப் பள்ளிக்கூடமே கிடையாது! புகைப்படத்துக்காக ஏறிப்போன பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளியை மூடப் பார்த்தோம் நாம்.

சிஸ்டர் இதைக் கடிதமாக எழுதவில்லை. கல்விக் குழுவை ஞாயிறு திருப்பலிக்கு அழைத்து, கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். நான் பாடிக்கொண்டே பார்த்தேன். ஒரு குழந்தை பொருளாளர் தந்தையின் கண்ணாடியைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டது. அதன் அம்மா பதற, சிஸ்டர் அவரைத் தடுத்துவிட்டுத் தந்தையிடம் குனிந்து, "தொட்டில் இங்கதான் இருக்கு ஃபாதர். மெத்தைக்கு எப்ப ஏற்பாடு பண்றீங்க?" என்றார்.

கூரைக்கு நிதி வந்தது. ஒரு நிபந்தனையும் வந்தது. இந்த ஆண்டு பள்ளி திறக்கும்போது மழலையர் அறைகள் இரண்டும் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இணைப்பு.

நாற்காலிகளுக்கு நிதி இல்லை. சிஸ்டர் ஊரில் யாரிடமும் காசு கேட்கவில்லை. "காசு கேட்டா வாசல்ல நிக்க வச்சுப் பேசுவாங்க, நாற்காலி கேட்டா உள்ள கூப்பிட்டுப் பேசுவாங்க" என்பார். வீட்டுக்கு ஒரு குட்டி நாற்காலி என்று கேட்டார். வந்தவற்றை அறைக்குள் வைக்காமல் சாலையைப் பார்த்த வராந்தாவில் வரிசையாகப் போட்டார். தெருவில் போகும் பிள்ளைகள் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தன. பிறகு எங்கள் மழலையர் வகுப்பு ஆயாம்மா மெல்ல அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தார். விளம்பரப் பலகைக்குச் செலவு செய்யாமல் ஒரு பள்ளி நடத்திய சேர்க்கைப் பணி இது!

என் அம்மாவும் ஒரு நாற்காலி கொடுத்தார். மஞ்சள் நிறம். அந்த மாதம் நான் மிதிவண்டி கேட்டிருந்தேன். "அக்கா கேட்டுட்டா, என்ன பண்ணச் சொல்றே?" என்றார் அம்மா. ஒருநாள் யாரும் இல்லாதபோது அந்த மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் காதைத் தொட்டது. எனக்கு இடமில்லாத நாற்காலி. இன்னும் பேசவே தெரியாத யாரோ ஒரு பிள்ளைக்காக என் பெரியம்மா என் அம்மாவிடம் கேட்டு வாங்கிய நாற்காலி. எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பேன்?

பெரியோர்களே, சென்ற வாரம் அவருடைய இதயம் நின்றுபோனது. மருத்துவமனையில் கடைசியாக அவர் கையைப் பிடித்திருந்தது நானும் இல்லை, என் அம்மாவும் இல்லை. ஆயாம்மா. அவர் மேலும் எனக்குப் பொறாமைதான். அவருக்குத் தெரியும். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் வந்து நடந்தார்.

"உன்னைப் பத்திச் சொல்லாத வீடு இல்ல பாப்பா" என்றார். "பிள்ளைக் கணக்கு எடுக்கப் போற வீட்டுல எல்லாம் இதே புலம்பல். 'ஞாயித்துக்கிழமை அழுகையை எண்ணலாம்னு நின்னா, என் தங்கச்சி மக பாட ஆரம்பிச்சுடறா. ஒரு பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குது. எல்லாம் கப்சிப். எனக்குக் கணக்குத் தப்பிப்போகுது. அவ முடிக்கட்டும்னு பாத்தா, கழுதை, வாராவாரம் கூட ஒரு அடி சேத்துப் பாடறா.' இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. 'நம்ம பள்ளிக்கூடத்துல சேத்தா உங்க பிள்ளையும் இப்படிப் பாடும்'னு அந்த அம்மாக்கள்கிட்ட சொல்லுவாங்க."

இதைக் கேட்டு என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? தீரவில்லை. இதை என்னிடம் சொல்லியிருக்கலாமே! பின்னால் நிற்கும் தாய்மார்களே, நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டும் கேட்கவில்லை.

இன்று காலை பள்ளிக் கதவருகே உங்களில் ஒருவர், "சிஸ்டரே போயாச்சு, இனி இந்தப் பள்ளிக்கூடம் இருக்குமா?" என்று கேட்டார். "இரங்கல் முடியட்டும், இணைப்பைப் பத்திப் பேசிடலாம்" என்ற பேச்சும் வராந்தாவில் என் காதில் விழுந்தது. தலைவர் தந்தை அவர்களே, பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு இதில் பேச உரிமை இல்லை. ஆனால் என் பெரியம்மாவை நீங்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டீர்கள். மிச்சம் இருப்பது அவருடைய வேலை. அதையும் எனக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமா?

திங்கட்கிழமை சேர்க்கை தொடங்குகிறது. அன்று முதல் மாலை வேளைகளில் எங்கள் வகுப்பு மாணவியர் ஆயாம்மாவோடு வீடு வீடாகப் போவோம். நாற்காலிகளைத் தினமும் துடைத்து வராந்தாவில் போடுவோம். மஞ்சள் நாற்காலியை நானே போடுவேன். இது எங்கள் உறுதிமொழி.

அதற்கு முன், இந்த ஞாயிறு கல்விக் குழுவினராகிய தாங்கள் திருப்பலிக்கு வந்து அதே கடைசி பெஞ்சில் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொருளாளர் தந்தை அவர்கள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். காணிக்கைப் பாடலை நான்தான் பாடுகிறேன். நான் பாடும்போது எண்ணாதீர்கள், கணக்குக் குறையும். பாடி முடித்ததும் அழத் தொடங்குவார்கள். அப்போது எண்ணுங்கள். எண்ணிவிட்டு, இணைப்பைப் பற்றிப் பேசலாமா என்று முடிவு செய்யுங்கள்.

கதவுக்கு உள்ளே நின்றுதான் சொல்கிறேன். இந்த ஞாயிறு கூடுதலாக ஓர் அடிகூடப் பாடமாட்டேன், பெரியம்மா.