நூற்று நாற்பதாவது டிகிரி

திறந்திருக்கும் ஜன்னலைக் கடந்தால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். எதிர்வீட்டில் புது மிக்ஸி வாங்கினால், அட்டைப்பெட்டி குப்பைக்கு வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவள் என்று தெருவே கேலி செய்கிறது. அந்த மூக்குக்குத்தான் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒரு இயந்திரத்தை இரும்பில் செய்வதற்கு முன், அதன் பாகங்களைக் கணினியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது என் வேலை. எது எதோடு இடிக்கிறதோ, அந்த இடம் திரையில் சிவக்கும். யார் யாரோடு உரசுகிறார்கள் என்று பார்க்கிற வேலை. எனக்கென்றே செய்தது போல.

மாப்பிள்ளை வரைந்தது பெட்டிக்கு மூடி அழுத்தும் இயந்திரம். முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். மாமனார் எதிரே தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார், எங்களிடம் சிங்கம். அவருடைய இயந்திரக் கையை ஒவ்வொரு டிகிரியாகச் சுற்றவிட்டேன். நூற்று முப்பத்தெட்டிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு வரை அது பக்கத்துத் தகட்டில் இடித்தது. சொன்னேன். மாமனார் முன்னால்தான் சொன்னேன், அதை மறைக்கவில்லை.

"அக்கா, உங்க தெருவுல யார் யாரோட இடிச்சிக்கிறாங்கன்னு பாருங்க. என் டிசைனை நான் பாத்துக்கறேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிட்டர் அண்ணன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டே சிரித்தார்.

"ஒவ்வொரு டிகிரியா உருட்டி அரை நாளை வீணாக்காதீங்க. பத்துப் பத்தா ஓட்டிட்டு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கணுமா?"

சரி, நுழைக்கவில்லை. பத்துப் பத்தாக ஓட்டினால் கணினி அந்தந்த நிறுத்தத்தில் மட்டும் பார்க்கும். நடுவில் நடப்பது அதற்குத் தெரியாது. மாப்பிள்ளை ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. அறிக்கை சுத்தமாக வந்தது: எங்கும் இடிப்பு இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஓட்டத்தில் முதல் பெட்டியை, வரைந்தவரே தன் கையால் உள்ளே பிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் தள்ளியே பிடிங்க மாப்பிள்ளை" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

"அக்காவே கையெழுத்துப் போட்டாச்சு. அப்புறம் என்னண்ணே?"

தகடு பிய்ந்து இறங்க ஒரு நொடிகூட ஆகவில்லை. இடது கை, மணிக்கட்டோடு.

வருத்தமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எனக்கு எதற்கு வருத்தம்? பத்துப் பத்தாக ஓட்டச் சொன்னது அவர். நான் சொன்ன பேச்சைக் கேட்டேன். பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் என் வேலையை மட்டும் பார்த்தேன். அதற்குப் போய் இத்தனை பேர் விசாரிக்கிறீர்கள்.

பூஜ்யத்தில் ஆரம்பித்திருந்தால் பத்துப் பத்தாகப் போனாலும் நூற்று நாற்பதில் சிவந்திருக்குமே என்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். ஐந்தில் ஆரம்பித்தேன். நூற்று முப்பத்தைந்து, அடுத்தது நூற்று நாற்பத்தைந்து. எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே.

இயந்திரம் உடைந்து மாமனார் முன்னால் மாப்பிள்ளை தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று விசாரிக்க வந்தவரிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். நீங்கள் கணினியையே திறந்து பார்த்துவிட்டதால் மிச்சத்தையும் சொல்கிறேன். ஆள் எங்கே நிற்பார் என்று பார்க்க அதில் ஒரு பொம்மை மனிதன் உண்டு. எப்போதும் வலது கையைத்தான் நீட்டுவான். மாப்பிள்ளை டீ டம்ளரைப் பிடிப்பது இடது கையால். கூடவே வேலை செய்யும் ஃபிட்டர் அண்ணனுக்குக்கூட அது தெரியாது. கவனித்தவள் நான் ஒருத்திதான். தகட்டைப் பிய்ந்து இறங்குகிற மாதிரி கழற்றிவிட்டு, பொம்மையின் இடது கையை நீட்டிவைத்து, ஒவ்வொரு டிகிரியாக, பொறுமையாக ஒரு தடவை ஓட்டினேன்.

நூற்று நாற்பதில் பொம்மையின் மணிக்கட்டு சிவந்தது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.