பிலாத்துவை நான்தான் அனுப்பினேன்

கல் விழுகிறது. தகரக் கூரை. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு எண்ண முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று இருபது. ஈஜிபுராவின் ஒரு பின்தெரு. நாடக ஒத்திகைக்காக வாடகைக்கு எடுத்த ஷெட். உள்ளே இருபத்து நான்கு பேர். ஐந்து பேர் ரோமச் சிப்பாய் வேடத்தில். ஒன்பது பேர் எருசலேம் மக்கள். நான் தலைமைக் குரு கயபா. மார்பில் பன்னிரண்டு கண்ணாடிக் கல் பதித்த தகடு. குனிந்தால் தாடையில் இடிக்கிறது.

“பாகிலு ஹாக்கி! பேக பாகிலு ஹாக்கி!”

எதிர் மாடியிலிருந்து ஜெயம்மா கத்துகிறார். ஷெட்டுக்குச் சொந்தக்காரர். கதவைச் சாத்தச் சொல்கிறார். அந்தோணி ஓடிப்போய் ஷட்டரை இழுத்து விடுகிறான். பாதியில் சிக்கிக்கொள்கிறது. தொங்குகிறான். கடகடவென்று இறங்குகிறது. இருட்டு.

அந்தோணி என் சிநேகிதன். வேன் ஓட்டுகிறவன். நாடகத்தில் ரோம ஆளுநர் பிலாத்து. சிவப்புப் போர்வை தோளில் அப்படியே இருக்கிறது. அவன் மனைவி ஸ்டெல்லா பின்சுவர் ஓரம் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று சின்னப் பிள்ளைகளைத் தன் சேலைக்குள் இழுத்து வைத்திருக்கிறாள். ஒன்றும் அவள் பெற்றது இல்லை.

போலீசில் என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். நான்கு வரி எழுதிக்கொண்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன். யார் படித்தாலும் சரி. என்னைக் காறித் துப்பினாலும் சரி.

நாங்கள் கோலார் தங்கவயல் குடும்பங்கள். சுரங்கம் மூடியபின் பெங்களூருக்கு வந்தவர்கள். நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். ஒவ்வொரு தவக்காலமும் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். பதினோரு வருடமாக நான் கயபா. பதினோரு வருடமாக அந்தோணி பிலாத்து. பதினோரு வருடமாக எங்களுக்குள் ஒரே சண்டை. இயேசுவைக் கொன்ற குற்றம் யாருடையது?

நான் கயபாவுக்காகப் பேசுவேன். வேடம் போட்டவன் பேசாமல் யார் பேசுவது? அந்த மனிதனைப் பதவியில் வைத்ததே ரோமன். நினைத்தால் இறக்கிவிடுவான். குருவின் திருவிழா உடுப்பைக்கூட ரோமன் தன் கோட்டையில் பூட்டி வைத்திருந்தான். திருவிழாவுக்கு முன் கேட்டு வாங்க வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாஸ்கா திருவிழா வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம். கோயில் மண்டபத்தின் மேல் சிப்பாய் நிற்பான். ஒரு கூச்சல் எழுந்தால் போதும், வெட்டு விழும். ஒருவனைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றுவோம் என்று அந்த மனிதன் நினைத்ததில் என்ன அதிசயம்? இப்படிக் கேட்பேன். டீக்கடையில் மேஜையைத் தட்டிக் கேட்பேன்.

அந்தோணி சிரிப்பான். “இந்த ரத்தத்துல பங்கில்லன்னு நா கை கழுவுறவன் மச்சான். நீ குடுக்கிறவன். எப்பவும் நீதான் குடுக்கிற.”

அந்த வருடம் எனக்குப் புத்தி பிசகியது. புதிதாக ஒரு காட்சி எழுதினேன். பிலாத்து எருசலேமுக்கு வாய்க்கால் வெட்டிய கதை. கோயில் காணிக்கையை எடுத்து வெட்டினான். மக்கள் திரண்டு வந்து கூச்சல் போட்டார்கள். அவன் சிப்பாய்களுக்குச் சாதாரண உடை போட்டான். துணிக்குள் தடி. கூட்டத்தில் கலக்கவிட்டு அடித்தான். பலர் செத்தார்கள். நல்ல காட்சி. எனக்கு அதில் பெருமை.

அதே வாரம்தான் இரண்டு மாநிலத்துக்கும் ஆற்றுத் தண்ணீர்த் தகராறு முற்றியது. வெள்ளிக்கிழமை ஓசூர் ரோட்டில் லாரிகளை மறித்தார்கள். சனிக்கிழமை தொம்மலூரில் ஒரு ஓட்டலின் தமிழ்ப் பலகையை உடைத்தார்கள். ஞாயிறு காலை ஸ்டெல்லா கேட்டாள். “அண்ணா, இன்னிக்கு ஒரு நாளு வேணாமே?” நான் கேட்கவில்லை. வாடகை உடுப்புகள் ஆம்பூரிலிருந்து வந்து இறங்கிவிட்டன. அந்தோணியின் வேனில். தமிழ்நாட்டு நம்பர்.

மைக் போடச் சொன்னதும் நான்தான். கூட்டத்தின் குரல் எடுபடவில்லை என்றேன். இன்னும் கத்துங்கள் என்றேன். ஒன்பது பேர் மைக்கில் தமிழில் கத்தினார்கள். “எங்கள் காசு! எங்கள் தண்ணீர்!” மூன்று தடவை கத்தச் சொன்னேன். பாராட்டினேன். தெருவில் இருந்தவர்களுக்கு நாடகம் எங்கே தெரியும்? தமிழர்கள் ஷெட்டுக்குள் கூடித் தண்ணீருக்காகக் கத்துகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் காதில் விழுந்தது.

மூன்று முப்பத்தைந்து. கண்ணாடி உடைகிறது. வேன். வாசலிலேயே நிற்கிறது. பிறகு மண்ணெண்ணெய் வாடை. ஷட்டரின் கீழ் இடுக்கு வழியாக வருகிறது. ஒரு பிள்ளை இருமுகிறது. ஸ்டெல்லா அதன் வாயைப் பொத்துகிறாள். யாரோ செபமாலை சொல்கிறார்கள். யாரோ அதட்டுகிறார்கள். “சும்மா இரு! சத்தம் போடாத!”

பக்கவாட்டு ஜன்னல் தட்டப்படுகிறது. போலீஸ் அதிகாரி. பின்னால் ஒரு ஜீப், நான்கு காவலர்கள். அவர்களுக்குப் பின்னால் தெரு நிறையத் தலை. அதிகாரி கன்னடத்தில் பேசினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. பெரியவர் யார் என்று கேட்டார். நான் என்றேன். என் மார்புத் தகட்டைப் பார்த்தார்.

அவர் சொன்னது இது. வேன் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்ததாகக் கூட்டம் நம்புகிறது. அவர்களுக்கு டிரைவர் வேண்டும். அவனை என்னிடம் அனுப்பு. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறேன். கூட்டம் ஜீப்பின் பின்னால் வரும். நீங்கள் பின்பக்கமாகப் போய்விடுங்கள். இல்லையென்றால் ஷெட்டுக்கு என்னால் பொறுப்பேற்க முடியாது. இரண்டு நிமிடம் தருகிறேன்.

இரண்டு நிமிடம் எனக்குத் தேவைப்படவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். நான் யாரையும் கேட்கவில்லை. இருட்டில் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று, ஒன்று. பிறகு அவனிடம் போனேன்.

“மச்சான், போலீஸ்தான். ஜீப்ல ஏறிக்கோ. ஸ்டேஷன்ல உக்காந்திரு, ராத்திரி நா வந்து கூட்டியாறேன்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். சிவப்புப் போர்வையைக் கழற்றினான். மடித்தான். என் கையில் வைத்தான்.

“பாத்தியா? கடைசில நீதான் குடுக்கிற.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பயத்தில் உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் சிரித்தான். ஸ்டெல்லாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. கூரைமேல் கல் விழும் சத்தத்தில் எதுவும் அவள் காதில் விழவில்லை. ஜன்னல் வழியாக இறங்கினான்.

மூன்று நாற்பத்தொன்று. ஜீப் கிளம்பும் சத்தம். முதல் கியர். கூட்டம் அதன் பின்னால் நகர்கிறது. நான் ஜன்னல் ஓட்டையில் கண்ணை வைத்திருக்கிறேன். ஜீப் முனைக்கடை வரை போனது. நின்றது. பின்கதவு திறந்தது. தானாகத் திறந்ததா, வெளியிலிருந்து பிடுங்கினார்களா, உள்ளிருந்து திறந்துவிட்டார்களா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவனுடைய நீலச் சட்டை ஒரு கணம் தெரிந்தது. பிறகு தலைகள்.

“பன்னி! ஈ கடே பன்னி!”

ஜெயம்மா. இந்தப் பக்கம் வாருங்கள் என்கிறார். பின்சுவரில் ஏணி சாத்தியிருக்கிறார். அவர் மகன் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வாங்குகிறான். ஏறினோம். அவர் வீட்டு மாடி. அங்கிருந்து அடுத்த மாடி. எங்களை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்து வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார் அந்த அம்மாள். யார் வந்து கேட்டாலும் கன்னடத்தில் திட்டி அனுப்பினார். நான்கு மணி ஐந்துக்கு ஷெட் எரியத் தொடங்கியது. தகரம் டம் டம் என்று வெடித்தது. ஸ்டெல்லா அப்போதுதான் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். அவர் எங்கே என்று கேட்டாள்.

நான் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

அந்தோணி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். கண் திறக்கவில்லை. பத்தாம் நாள் விடியற்காலை போய்விட்டான். அந்த அதிகாரி தன் அறிக்கையில், ஆள் தானாகவே ஜீப்பிலிருந்து குதித்து ஓடினான் என்று எழுதினார். கை கழுவ அவருக்குத் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை. திட்ட வாயைத் திறந்தால் என் பெயர்தான் முதலில் வருகிறது.

போனவை இவை. வேன் ஒன்று. ஷெட் ஒன்று. மைக் செட் ஒன்று. முப்பத்திரண்டு உடுப்புகள். சிலுவை ஒன்று, வேப்ப மரத்தில் செய்தது. ஏணியிலிருந்து விழுந்த சிப்பாய் வேடக்காரன் சூசைராஜின் இடது காலில் பாதி நடை. என் உடம்பில் இருந்த கயபாவின் உடுப்பு எரியவில்லை. சாட்சிப் பொருள் என்று போலீஸ் எடுத்துப்போய்ப் பூட்டி வைத்திருக்கிறது. கேட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. சிவப்புப் போர்வை என் வீட்டு பீரோவில் இருக்கிறது, அவன் மடித்த மடிப்போடு. ஸ்டெல்லாவிடம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. வாசலில் நின்றபடி ஒன்று கேட்டாள்.

“இருவத்தி மூணு பேர்ல நா ஒருத்திதான அண்ணா? என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

ஆள், ஒன்று. அந்தோணி. வயது நாற்பத்தாறு.