எண்ணெய் வருகிறது என்றேன்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால், அடுப்புப் பக்கம் போகாமலே நான் சொல்லிவிடுவேன் ஐயா. சோழவரத்தில் சடையப்பன் என்றால் அதற்குத்தான் பேர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவனுக்கு வேறு என்ன வேலை? ஊரார் காரியம்தான்.

அப்படித்தான் பக்கத்து வீட்டு ராஜமாணிக்கத்தின் தகரக் கொட்டகையிலும் போய் உட்கார்ந்தேன். அவன் எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிட்டர். அறுபத்தேழாம் வருஷத் தீபாவளி முடிந்த கையோடு, யுத்த காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழைய இரும்புக்காரனிடம் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றி வந்தான். சிலிண்டர் தேய்ந்து, உள்ளே பிஸ்டன் கிழவன் பல் மாதிரி ஆடியது. ஷிப்டு முடிந்து வந்தால் குளியல் கிடையாது, சாப்பாடு கிடையாது, அதன் முன்னால்தான் குந்துவான். அவன் பெண்டாட்டி குணசுந்தரிக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று தெருவில் பரப்பியது நான்தான். அந்த வண்டி வெறும் பிணம், ஓடவே ஓடாது என்றும் சொன்னேன். ஒரு வீடு விடாமல் சொன்னேன்.

எட்டு மாதம். சிலிண்டரைப் பட்டணத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தான். புதுப்பேட்டையில் அலைந்து பிஸ்டன் பிடித்தான். அதன் வளையங்களை அரத்தால் மயிரிழை மயிரிழையாக ராவிப் பொருத்தினான். என்னிடம் எதையும் ஒளித்ததில்லை.

“அண்ணே, இந்த எண்ணெத் தொட்டி மூடியத் தொறந்தா, எண்ணெ உள்ள சுத்திக்கினு திரும்பி வந்து சொட்டணும். அதான் இதுக்கு நாடி. சொட்டலேன்னா பத்து மைல்ல பிஸ்டன் கவ்விக்கும். சக்கரம் அப்டியே நின்னு ஆளத் தூக்கி அட்சிடும்” என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை அது உறுமியது. தெருவே கூடிவிட்டது. இட்லிக்கார ரோசம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “இன்னா சடையப்பா, பொணம்னியே, எய்ந்து குந்திக்கினு கத்துது. இனிமே நீ மழ வரும்னு சொல்லு, நான் வடாம் காயப் போடறேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை வேறொரு வீட்டுச் சங்கதியை எடுத்தேன். “இதுவும் அந்த வண்டிக் கதமாரிதானா?” என்று எழுந்து போய்விட்டார்கள். வெட்கமாக இருந்தது ஐயா. ஐம்பத்திரண்டு வயதில் நான் சம்பாதித்தது, நான் சொன்னால் நாலு பேர் நம்புவார்கள் என்ற ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, வண்டியைப் பெரியபாளையத்து அம்மனுக்குக் காட்டிவர வேண்டும் என்று புறப்பட்டான். முந்தின நாள் எண்ணெய்க் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தான். துடைத்த பஞ்சு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டதாக உங்கள் போலீஸ் மெக்கானிக் பிறகு கண்டுபிடித்தார். அதை வைத்தது நானில்லை. வண்டியில் நான் கையே வைக்கவில்லை.

வண்டி அணைந்துவிடாமல் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே, “அண்ணே, எண்ணெ வருதா பாரு” என்றான். மூடியைத் திறந்து பார்த்தேன். நூறு வரை எண்ணினேன். ஒரு சொட்டு இல்லை.

“வருதுப்பா” என்று மூடினேன்.

நடுவழியில் நின்றுபோகும், உருட்டிக்கொண்டு திரும்புவான், தெரு பார்க்கும் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை. கன்னிகைப்பேர் தாண்டிச் சக்கரம் நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

சாவு வீட்டில் குணசுந்தரி, “நீங்க அப்பவே சொன்னீங்களே மாமா, இது ஓடாதுன்னு. அந்தாளு கேக்கலியே” என்று அழுதாள். நான் தலையாட்டினேன். கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், ரோசம்மாள்கூட. அந்தத் தலையாட்டலை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. அதனால் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. அன்றைக்கு நான் தொட்டியை மூடிய பிறகு, குணசுந்தரியும் புதுப்புடவை கட்டி, வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “பொடவ சக்கரத்துல மாட்டிக்கும், நீ பஸ்ல போம்மா” என்று கெஞ்சாத குறையாக அவளை இறக்கிவிட்டது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. என் பேரில் ஒரு நல்லதும் இருக்கட்டும்.