பின்னாடி உக்காருங்க சார்

மத்தியானம் ரெண்டு மணி.

என்னடி சிரிப்பு? மத்தியானம்னுதான் சொன்னேன். நடுராத்திரி, நாய் ஊளை, சலங்கைச் சத்தம் எல்லாம் வேணும்னா பக்கத்து ரூமுக்குப் போங்க. அங்க ஒருத்தி நல்லா புளுகுவா. கரண்ட் வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லுக்கான்னு கெஞ்சினது நீங்கதான். அந்த ஜன்னலைச் சாத்து. மெழுகுவர்த்திய இப்படி நகர்த்து... போதும்.

மத்தியானம் ரெண்டு மணி. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ரெண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஒரே ஒரு காரு போயிட்டு இருக்கு. ஓட்டறது என் ஃப்ரெண்டோட பெரியப்பா. எங்க ஆபீஸ்ல பில்லிங்ல இருக்காளே, ஒல்லியா, அவளோட சொந்தப் பெரியப்பா. அவ பொய் சொல்ற ஆளு இல்ல. லீவுக்குக்கூட உண்மையான காரணத்தச் சொல்லி மாட்டிக்கற ஜென்மம் அது.

பெரியப்பா ஒரு பேப்பர் மில்லுல டிரைவர். பக்கத்துல முன் சீட்டுல ஒரு வெளிநாட்டு இன்ஜினியர். புது மெஷின் மாட்டிக் குடுக்க ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல நம்ம நாட்டுக்கு வந்தவர். ஆறடிக்கு மேல உயரம், ஒல்லிக் காலு, ஒவ்வொரு அடியா எடுத்து வைப்பாராம். அதனால மில்லு பூரா அவருக்குப் பேரு கொக்கு. பெரியப்பா மட்டும் சார்னு சொல்வார்.

அந்த மனுஷனுக்கு இங்க ஒரு நாள் நிம்மதி கிடையாது. வீட்டு ஓனர் இன்னொரு சாவிய வச்சுக்கிட்டு, அவர் இல்லாதப்ப உள்ள போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பானாம். இவர் பால்கனியில துணி காயப் போட்டா எதிர் வீட்டுல நாற்காலி போட்டு உக்காந்து பார்ப்பாங்களாம். காலைல நடக்கப் போனா தெரு நாய் அத்தனையும் அவர் பின்னாடி. போலீஸ் ஆபீஸ்ல பேரு பதியப் போனா நாலு மணி நேரம் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, அந்த பேப்பர் இல்ல, நாளைக்கு வா. நாளைக்குப் போனா, நேத்தே ஏன் வரலன்னு கேப்பாங்களாம்! நம்ம ஆளுங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்.

மொத்த ஊர்லயும் அவர்கிட்ட மனுஷனா பேசினது பெரியப்பா ஒருத்தர்தான். ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அத வச்சே ஓட்டிட்டாங்க. அவரும் பெரியப்பாவ ஃப்ரெண்டுன்னுதான் கூப்பிடுவார்.

கார்ல பின்னாடி உக்கார மாட்டார். முதல் நாளே பெரியப்பா பின் கதவைத் திறந்துட்டு நிக்கறார், இவர் சுத்திக்கிட்டு வந்து முன்னாடி ஏறிட்டார். அவங்க ஊர்ல தனியா வர்ற ஆளு பின்னாடி போய் உக்காந்தா, ஓட்டறவன மதிக்கலன்னு அர்த்தமாம். மில்லுல எல்லாருக்கும் வயிறு எரிஞ்சுச்சு. "என்னய்யா, மாமன் மச்சான் மாதிரி வந்து இறங்கறீங்க? பின்னாடி உக்காரச் சொல்லு"ன்னு பெரியப்பாவத்தான் பிடிச்சாங்க. கொக்கு கேட்டாத்தானே.

வாரா வாரம் வியாழக்கிழமை எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கற ரெண்டாவது மில்லுக்குப் போகணும். சாப்பிட்டுக் கிளம்புவாங்க. ரெண்டு மணிக்கெல்லாம் அந்தப் பொட்டல் வந்துடும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை...

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடலன்னா வண்டி கத்துமே, அந்தச் சத்தம். இவங்க ரெண்டு பேரும் போட்டிருக்காங்க. முன்னாடி மீட்டர் பக்கம் சின்னதா சிவப்பு லைட்டு. பார்த்தா... பின் சீட்டு. பெரியப்பாவுக்கு நேர் பின்னாடி.

அந்த சீட்டுல யாராவது உக்காந்தாத்தான் அது கத்தும். பையி கிய்யி ஏதாவது இருக்கான்னு கொக்கு திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் இல்ல. பொட்டல் தாண்டினதும் தானா நின்னுடுச்சு. மறுநாள் வொர்க்‌ஷாப்ல விட்டா, வண்டியில ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க.

அடுத்த வியாழன் மறுபடி டிங் டிங். இந்தத் தடவை கூடவே ஒரு வாசனை... பீரோவுல வருஷக்கணக்கா மடிச்சு வச்ச கோட்ட எடுத்தா வருமே. அந்துருண்டை வாசனை. அது குப்புனு ஏறுது. கொக்கு ஏதோ ஜோக் சொன்னார், பெரியப்பா சிரிச்சார். சிரிச்சு வாய மூடல...

தொம்.

பெரியப்பாவோட சீட்டு முதுகுல ஒரு உதை.

கல்லு தெறிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டார். கொக்கு "என்ன ஆச்சு ஃப்ரெண்ட்?"னு கேட்டார். கேட்டு முடிக்கல... தொம். தொம். இடுப்பு எலும்புல விழுந்துச்சாம். நல்ல ஷூ போட்ட காலு. குதிங்கால் தனியா தெரிஞ்சுதாம்.

பயப்படாம கேளுங்கடி. இன்னும் ஒண்ணும் வரல.

மூணாவது வியாழன் டிங் டிங் ஆரம்பிச்ச உடனே, பெரியப்பா முகம் வெளிறிப் போனதப் பார்த்து, கொக்கு அவர தைரியப்படுத்தலாம்னு ஒரு விளையாட்டு பண்ணினார். அவர் அந்த பெல்ட் விஷயத்துல ரொம்ப கறார். அதே கறாரா பின்னாடி திரும்பி, யாரோ இருக்கற மாதிரி, "தயவு செஞ்சு பெல்ட் போட்டுக்கங்க"ன்னார்.

டிங்... டிங்...

கிளிக்.

சத்தம் நின்னுடுச்சு.

பெரியப்பா பிரேக்க மிதிச்சுட்டார். ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கறாங்க. காலி சீட்டு. ஆனா பெல்ட் மாட்டியிருக்கு. சீட்டோட ஒட்டி இல்ல... தொப்பை மேல போட்ட மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது. அப்புறம்... மெதுவா உள்ள போச்சு. மெதுவா வெளிய வந்துச்சு.

மூச்சு விடுதுடி.

அன்னைக்கு அந்த மில்லு செக்யூரிட்டிகிட்ட பெரியப்பா கொட்டித் தீர்த்துட்டார். செக்யூரிட்டி வண்டி நம்பரப் பார்த்துட்டு, "இத இன்னும் வச்சிருக்கானுங்களா?"ன்னானாம். இவங்களுக்கு முன்னாடி அந்தக் காரு ஒரு பழைய மேனேஜரோடது. மகா கோபக்காரர். எந்த வெயில்லயும் கோட்டு. டிரைவர் தன்னப் பார்க்கக் கூடாதுன்னு, டிரைவருக்கு நேர் பின்னாடிதான் உக்காருவார். உள் கண்ணாடிய மேல பார்த்துத் திருப்பி வச்சுடுவார். அவராக் கூப்பிடாம டிரைவர் வாயத் திறக்கக் கூடாது, தூங்கினா எழுப்பக் கூடாது. கோபம் வந்தா சீட்டு முதுகுல ஒரு உதை. ஒரு நாள் அந்தப் பொட்டல் ரோட்டுல, ரெண்டு மணிக்கு, மாரடைப்புல போயிட்டார். டிரைவருக்குத் தெரியாது. தெரியறதுக்கு வழியே வைக்கலையே அந்த ஆளு! மில்லுக்கு வந்து, ஐயா தூங்கறார்னு ஏசியப் போட்டுக்கிட்டு அசையாம உக்காந்திருக்கான்... சாயந்திரம் வரைக்கும்.

பெரியப்பா மறுநாள் ஆபீஸ்ல போய் வேற வண்டி கேட்டார். சிரிச்சாங்க. "உக்கார வேண்டிய இடத்துல சார் உக்காந்தா எல்லாம் சரியாப் போயிடும்"னாங்க. வேலைய விட்டுடலாம்னா கொக்குவ எவன்கிட்ட விட்டுட்டுப் போறது? கான்ட்ராக்ட் முடிய இன்னும் மூணு வாரம்தான். எப்படியாவது அந்த மனுஷன பத்திரமா பிளேன் ஏத்தி விட்டுடணும், அது ஒண்ணுதான் அவர் மனசுல.

அடுத்த வியாழன் வந்த உதையில பெரியப்பாவால நிமிர முடியல. ஸ்டியரிங் ஒரு வெட்டு வெட்டி, வண்டி பள்ளத்துல இறங்கித் தப்பிச்சுச்சு. கொக்கு நெத்தியில ரத்தம்.

அப்பத்தான் பெரியப்பா அந்தத் தப்பப் பண்ணினார். ஆபீஸ்காரன் சொன்னது மண்டையில ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கைகூப்பி, "பின்னாடி உக்காருங்க சார். எனக்காக"ன்னு கேட்டுட்டார். கொக்கு கொஞ்ச நேரம் அவரோட முதுகையே பார்த்தாராம். பாவம்டி... நல்ல மனுஷன். வாழ்க்கையில முதல் தடவையா பின் கதவைத் திறந்து ஏறினார்.

டிங் இல்ல. உதை இல்ல. வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுது. பெரியப்பா, அப்பாடான்னு மூச்சு விட்டார். கொக்குவும் பின்னாடி இருந்து சாதாரணமாப் பேசிக்கிட்டு வந்தார், அவங்க ஊர் பனி, அவங்க அக்கா பொண்ணு... பேசிக்கிட்டே இருந்தவர் பாதி வார்த்தையில நிறுத்திட்டார்.

பெரியப்பா கண்ணாடியில பார்த்தார்.

கொக்கு இடது பக்கக் கதவோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு உக்காருவோமே, அப்படி. வாய் லேசாத் திறந்திருக்கு. கண்ணு மட்டும் கண்ணாடியில பெரியப்பாவயே பார்க்குது. அவருக்கு நம்ம பாஷையில மொத்தமே நாலு வார்த்ததான் தெரியும்... அந்த மனுஷன் வாய்லேர்ந்து, சுத்தமா, நம்ம பாஷையில...

"என்னடா பார்வை? ரோட்டப் பாரு."

பெரியப்பா கை தானாப் போய் கண்ணாடிய மேல திருப்பிடுச்சு. அத அவர் இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லி அழறாராம். நான்தான்மா திருப்பினேன், யாரும் திருப்பச் சொல்லலன்னு.

மில்லு வாசல்ல குதிச்சு ஓடிக் கதவத் திறந்தார். கொக்கு உயிரோடதான் இருந்தார். ஆனா கை சில்லுனு. நன்றி சொல்லாம இறங்காத ஆளு, அன்னைக்கு நேரா நடந்து உள்ள போயிட்டார். மீதி நாள் எல்லாம் பின் சீட்டுதான். ஃப்ரெண்டுன்னு ஒரு வார்த்த இல்ல. ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம், இப்பத்தான் துரை மாதிரி இருக்கார்னு.

கான்ட்ராக்ட் முடிஞ்சு ஏர்போர்ட்டுல இறக்கிவிட்டார். பெட்டிய எடுத்துக்கிட்டு ரெண்டு அடி போனவர்... திரும்பி வந்தார். பெரியப்பாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "முடிஞ்சுது ஃப்ரெண்ட், முடிஞ்சுது." பழைய கொக்கு. பெரியப்பாவுக்கு உயிரே வந்துச்சு. கடல் தாண்டிப் போயிட்டா இதெல்லாம் விட்டுடும்னு நினைச்சுக்கிட்டார். அன்னைக்கே வேலையையும் விட்டுட்டார்.

ரெண்டு மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை. பெரியப்பா வீட்டுல கட்டில்ல உக்காந்து கால் நகம் வெட்டிக்கிட்டு இருக்கார். என் ஃப்ரெண்டும் அப்ப அங்கதான் இருந்திருக்கா, அவ கண்ணால பார்த்தது இது. ஃபோன் அடிக்குது. வெளிநாட்டு நம்பர். பெரியப்பா முகமெல்லாம் சிரிப்பு. அவளும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டார்.

கொக்கு குரல்தான். பின்னால காத்து அடிக்கற சத்தம். டயர் உருள்ற சத்தம்.

"ஃப்ரெண்ட்... கொஞ்சம் மெதுவாப் போயேன். ஏன் இவ்வளவு வேகம்? எத்தனை தடவைதான் சொல்றது? திரும்பியே பார்க்க மாட்டேங்கற. அதான் ஃபோன் பண்ணினேன்."

பெரியப்பா, "சார்... நான் வீட்டுல இருக்கேன் சார்"னார்.

அந்தப் பக்கம் காத்துச் சத்தம் மட்டும்.

அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல, குழந்தை கேக்கற மாதிரி...

"இப்பத்தானே தலையாட்டின?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் குரல் வரல. ஆனா லைனும் கட் ஆகல. வண்டி ஓடற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எங்கயாவது நிக்கும், எங்கயாவது நிக்கும்னு பெரியப்பா ஃபோனக் கையில பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தார், சார்ஜ் தீர்ற வரைக்கும்.

நிக்கவே இல்லையாம்.