தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்

கடைக்காரர்: ...அதான் சொல்றேன் தம்பி, வீட்டுல வச்சுப் பாட்டு ரெக்கார்ட் பண்றதுன்னா டெஸ்க்டாப்தான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க.

கணவன்: கண்ணைத் தொறந்துக்கிட்டே கேக்குறேண்ணே... லேப்டாப் காட்டுங்க.

மனைவி: காட்டாதீங்க. காலையிலேர்ந்து இவருக்கு இதே பல்லவிதான்.

கடைக்காரர்: பாட்டு போடுறது யாரும்மா? தம்பியா?

மனைவி: இவரா! லிஃப்ட் மெக்கானிக்குங்க. லிஃப்டுக்குள்ள மாட்டுனவங்க போடுற கூச்சல்தான் இவருக்குத் தெரிஞ்ச ஒரே பாட்டு.

கணவன்: பாத்தீங்களா, கட்டுன புருஷனை... பாட்டுக்காரி இவதாண்ணே. மெட்டு போடுவா, வாசிப்பா, பாடுவா, எல்லாம் ஒரே ஆளு. நான் எடுபிடி.

கடைக்காரர்: சரி... இப்ப எதுல பண்றீங்க?

மனைவி: பழசு ஒண்ணு இருக்கு. குரல், வாத்தியம்னு நாலு ட்ராக் வரைக்கும் ஓடும். அஞ்சாவது போட்டா, மாடிப்படி ஏறின கெழவன் மாதிரி மூச்சு வாங்கும். அப்புறம் அப்படியே நின்னுரும்.

கணவன்: அது விடுற மூச்சும் பாட்டுல கேக்கும்.

மனைவி: ஃபேன் சத்தம்ங்க. மைக் அதையும் சேத்துப் பிடிச்சுக்குது.

கடைக்காரர்: அதுக்குத்தான் பெரிய பெட்டி. ஃபேன் பெருசா இருந்தா மெதுவா சுத்தும், சத்தம் வராது. முப்பத்திரண்டு ஜிபி ராம் போட்டுத் தர்றேன். நாப்பது ட்ராக் போட்டாலும் அசையாது.

மனைவி: அதான் வேணும். அசையவே கூடாது.

கணவன்: ஃபேன் மட்டுமா? ஃப்ரிட்ஜ் உறுமுறதுகூட அந்த மைக்குக்குக் கேக்கும்ணே. ரெக்கார்டிங்னா ஃப்ரிட்ஜை அணைச்சிருவோம். அணைக்கிறது ஞாபகம் இருக்கும்... திரும்பப் போடுறதுதான்...

மனைவி: ரெண்டு நாள் பால் கெட்டுச்சு. அதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?

கணவன்: ரெண்டே நாளா! அப்புறம் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேண்ணே. அணைக்கும்போது வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருவேன். வேலைக்குக் கெளம்புறப்ப சாவியைத் தேடி அங்கதானே வந்தாகணும்?

கடைக்காரர்: அட, நல்ல யோசனைதான்!

மனைவி: நல்ல யோசனைதான். ஜில்லுனு இருக்குற சாவியை எடுத்துக்கிட்டு ஜம்முனு கெளம்பிருவாரு. ஃப்ரிட்ஜைப் போடாமலே.

கடைக்காரர்: ஹஹ்ஹா... அப்ப பெரிய பெட்டியே பில் போட்டுரவா?

கணவன்: இருங்கண்ணே, இருங்க. ஏன், லேப்டாப்புல பாட்டு வராதா?

கடைக்காரர்: வராம என்ன தம்பி? ஃபேனே இல்லாத லேப்டாப்கூட ஒண்ணு வந்திருக்கு. பூனை மாதிரி இருக்கும், சத்தமே கெடையாது. என்ன... அதுல பின்னாடி ராம் கூட்ட முடியாது. வாங்குறப்பவே நெறைய போட்டு வாங்கிரணும்.

கணவன்: ஃபேனே இல்லையாம்! கேட்டியா?

மனைவி: கூட்ட முடியாதாம். அதைக் கேட்டீங்களா?

கணவன்: நெறைய போட்டு வாங்கிக்கலாம்னும் சொன்னாரே...

மனைவி: வேணாங்க. எனக்குப் பெரிய ஸ்க்ரீன்தான் சரி.

கணவன்: வைக்க எடம்? ரெண்டே ரூம்.

மனைவி: உங்க டூல்ஸ் பெட்டி கெடக்குற மூலை. அளந்து பாத்துட்டேன்.

கணவன்: ரயில்ல போறப்ப... மடியில வச்சு வேலை பாக்கணும்னா?

மனைவி: யாரு ரயில்ல போறா?

கணவன்: ஒரு பேச்சுக்கு.

மனைவி: பேச்சுக்குக்கூட வேணாம். வீட்டோட கெடக்கட்டும். நாலு பேரு சேந்து தூக்குனாத்தான் நகரணும்.

கணவன்: எது? கம்ப்யூட்டரா, நீயா?

மனைவி: ...என்ன சொன்னீங்க?

கடைக்காரர்: நான் வேணா உள்ள போயி ஸ்டாக் பாத்துட்டு...

கணவன்: போகாதீங்கண்ணே. நீங்க நின்னாத்தான் இவ சண்டை போட மாட்டா. ஏய் பாட்டுக்காரி... நீ வேலைக்குக் கேட்டுப் போன அந்த ஸ்டுடியோவுல வேற ஆளை எடுத்துட்டாங்கன்னு சொன்னியே.

மனைவி: ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

கணவன்: என் பொண்டாட்டியை விட அப்படி எவன் பெரிய ஆளுன்னு நாலு வார்த்தை கேக்கலாம்னு... போன் பண்ணேன்.

மனைவி: ஐயோ! பண்ணிட்டீங்களா?

கணவன்: திட்டவும் ஆரம்பிச்சுட்டேன். போனை எடுத்த அம்மா பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நாங்க எங்கங்க வேணாம்னு சொன்னோம்? உங்க வீட்டுக்காரம்மாதானே வரலைன்னாங்க? அந்த எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு'ன்னாங்க.

கடைக்காரர்: ரொம்ப தூரமாம்மா?

கணவன்: ஒரு ராத்திரி பூரா ரயில்ல போகணும்ணே. சினிமாவுக்கு மியூசிக் சேக்குற எடம். இவ ஏங்கிக் கெடந்த எடம்.

மனைவி: ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

கணவன்: தூக்கத்துல என் முதுகுல தாளம் போடுறியே... அதுக்குப் பேரு என்ன?

மனைவி: ச்சீ, சும்மா இருங்க. அண்ணன் முன்னாடி...

கணவன்: நான் தனியா கெடப்பேன்னுதானே வேணாம்னு சொன்ன? நான் என்ன பச்சப் புள்ளையா? ஆக்கித் தின்னுக்குவேன். லீவு கெடைச்சா ஓடி வந்து பாப்பேன். கஷ்டமாத்தான் இருக்கும், இல்லைன்னு சொல்லல. கதவைத் தொறந்தா உன் சத்தம் இல்லாத வீடு... அதுக்காக நீ...

மனைவி: உங்களுக்காக இல்ல.

கணவன்: பின்ன?

மனைவி: உங்களுக்காக இல்லைங்க. நீங்க அப்படி நெனச்சா நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். அங்க ஒரு நாள் வேலை செஞ்சு காட்டச் சொன்னாங்கல்ல... காலையில உக்காந்தேன். சாயங்காலம் வரைக்கும் வீட்டு நெனப்பே இல்ல. உங்க நெனப்பு... ஒரு தடவைகூட வரலைங்க. எழுந்திரிச்சப்பதான் உறைச்சுது. பயந்துட்டேன். ஒரே நாள்ல இப்படின்னா... அங்கயே தங்குனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல. திட்டணும்னா திட்டிருங்க.

கணவன்: அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டு வர வந்தேன்ல... ரயில் லேட்டுன்னு சொன்னேனே, லேட்டே இல்ல. மத்தியானமே வந்துட்டேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். நீ தலையை நிமித்துன, நேரா என்னைத்தான் பாத்த... உனக்கு நான் தெரியல. ஆனா அப்ப உன் மொகம் இருந்துச்சு பாரு... கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த மொகத்தை நம்ம வீட்டுல நான் பாத்ததே இல்லடி. அண்ணே... லேப்டாப்பே குடுங்க.