மெல்லிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை

லிந்துலை கடைத்தெருவில் நடந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும், ஐயா. பேக்கரிப் பலகையில் எழுத்துகள் தீப்பிடித்து எரிகின்றன. சலூன் பலகையில் எழுத்துக்கு நிழல், நிழலுக்கும் ஒரு நிழல். பதினொரு வருடமாக நானும் அந்தக் கண்றாவியைத்தான் அச்சடித்து விற்றேன். "இன்னும் கொஞ்சம் கலர் போடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன்.

அந்த வெறுப்பில்தான் சொந்தமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தேன். ஒரு வட்டம், ஒரு நேர்கோடு, எங்கும் ஒரே கனம். ல, ண, ன எல்லாவற்றின் சுழியும் அதே வட்டம். புத்தக அட்டைக்கும் கடைப் பெயருக்கும் அப்படிப் பொருந்தும். நான்கு வருட உழைப்பு. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பிறகு தோட்டத் தொழிலாளர்களின் தலைவர் ஆண்டியப்பன் வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சரிவில் மண் பிளந்திருந்தது. அந்தச் சரிவு வழியாக லயத்துக்கு வரும் குறுக்குப் பாதையில் யாரும் போகக்கூடாது. அவரே ஒரு தகரத்தில் சிவப்புப் பெயின்டால் மண்டையோடு வரைந்து, கோணல்மாணலாக 'போகாதே' என்று எழுதி மாட்டியிருந்தார். நிர்வாகம் ஒழுங்கான பலகை கேட்டதாம்.

என் எழுத்துருவிலேயே அடித்தேன்: வெள்ளையில் சாம்பல் நிறம், மெல்லிய கோடு, சுற்றிலும் நிறைய வெற்றிடம். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது.

"தம்பி, பனி இறங்குனா இது ஒன்னும் தெரியாதுங்களே. கொஞ்சம் தடிப்பா போட்டுத் தாங்க," என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரே வட்டம் திரும்பத் திரும்ப வந்தால் தூரத்தில் எழுத்தெல்லாம் கலங்கிவிடும். வரைந்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் எரிச்சலாக இருந்தது. முடியாது என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. என் பலகைக்குப் பக்கத்திலேயே தன் தகரத்தையும் விட்டுவைத்தார்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஓர் எழுத்துருப் போட்டிக்கு என் பலகையின் படம் அனுப்ப வேண்டியிருந்தது. புதன்கிழமை போய்த் தகரத்தைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தேன். திரும்ப மாட்ட மனம் வரவில்லை. கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் ஆண்டியப்பன் எனக்கு ஃபோன் எடுத்தார். "தகரத்தைக் காணோம் தம்பி, காத்து தூக்கிருச்சு போல. நீங்களாச்சும் எழுத்தத் தடிப்பாக்கிக் குடுங்க. மழ வலுக்குது."

"திங்கட்கிழமை பார்ப்போம்" என்றேன். அரை மணி நேர வேலைதான்.

சனிக்கிழமை காலை நல்ல பனி. பொல்பிட்டியவில் கட்டிக்கொடுத்திருந்த அவர் மகள் நாகலெட்சுமி அப்பாவைப் பார்க்க வந்தாள். மண் பிளந்த கதை அவளுக்குத் தெரியாது. பலகையைத் தாண்டி முப்பது அடி போனதும் சரிவு இறங்கிவிட்டது.

தகரத்தைக் கழற்றியது நான். ஆள் சாகலாம் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மழையை நான் பெய்ய வைக்கவில்லை.

கண்ணீர் அஞ்சலிப் பலகையைக் காசு வாங்காமல் நானே அடித்துக் கொடுத்தேன். ஆறடி உயரம், அதே எழுத்துரு. அவள் பெயர் தெருமுனையிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. ஆண்டியப்பன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால், அழகாக இருக்கிறது என்று அவரே சொல்லியிருப்பார்.