தொழும்போது பிஸ்டல் எங்கே

கண்டியிலிருந்து அலவத்துகொட போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். சாரத்தின் மேல் பை வைத்த அகலப் பச்சை பெல்ட் கட்டியிருந்த மாணிக்கக் கல் வியாபாரி, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"லைசன்ஸ் கிடைச்சிட்டு. நல்ல வெளிநாட்டு பிஸ்டல் ஒண்டு பார்த்து வெச்சீக்கிறன். விலைதான் கூட. ஆனா சின்னது, இடுப்புல வெச்சா ஒத்தருக்கும் விளங்காது."

"தொழக்குள்ளயும் இடுப்புலயா நானா?"

"பின்ன? அத கண்ட இடத்துல கழட்டி வெக்கேலாது."

"சுஜூதுக்கு நெத்தி நிலத்துல படக் குனிஞ்சா ஷேர்ட் மேல ஏறும். பள்ளில பின் வரிசைல ஈக்கிறவங்க காணுவாங்க."

"காணட்டும். பயம் ஈக்கும்."

"பயம் ஒண்டும் ஈக்காது. நீங்க எந்த நாள் கல்லோட வாறீங்க எண்டு இண்டைக்கு வரைக்கும் ஊருல ஒத்தருக்கும் தெரியாது. இனி பிஸ்டல் ஈக்கிற நாள் கல்லும் ஈக்கி எண்டு எல்லாரும் விளங்கிக்குவாங்க."

வியாபாரி கண்டியில் ஏறியதிலிருந்து பெல்ட் பையை மூடி வைத்திருந்த கையை மெல்ல எடுத்து, முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.